அரை கிராம் கம்பிக்கு இத்தனை பஞ்சாயத்தா?

கையால் கட்டும் தூண்டில் ராடு விஷயத்தில் பெரிய முடிவுகளெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். பிளாங்க் எத்தனை அடி, எந்த வலு, பிடிக்குக் கார்க்கா ஈவிஏ நுரையா, கைடு எந்த அளவு என்பதையெல்லாம் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் பேசி எழுதிக்கொள்ளலாம். கடைசியாக, "ஹூக் கீப்பர் வைக்கவா, வேண்டாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சாயத்து அங்கேதான் கூடும்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். ராடின் பிடி முடிந்து பிளாங்க், அதாவது ராடின் தண்டு, தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு கம்பி வளைவு இருக்கும். மீன் பிடிக்காத நேரத்தில் தூண்டில் முள்ளை அதில் மாட்டி, ரீலை இரண்டு சுற்று சுற்றி நரம்பை லேசாக விறைப்பாக்கிவிட்டால் முள் ஆடாது, அசையாது. அவ்வளவுதான் அதன் வேலை. கடையில் விற்கும் ராடுகளில் பெரும்பாலும் இருக்கும். கையால் கட்டுகிறவர்கள் நடுவில்தான் அதற்கு இரண்டு கட்சி. ஒரு கட்சி அது இல்லாத ராடை முழுசாக முடிந்த ராடு என்றே ஒத்துக்கொள்ளாது. இன்னொரு கட்சி அதைப் பார்த்தாலே முகம் சுளிக்கும்.

நான் இருப்பது ஹூஸ்டனுக்குத் தெற்கே. கராஜில் பாதி காருக்கு, மீதி எனக்கு. நண்பர்களுக்கும் நண்பர்களின் நண்பர்களுக்கும் ராடு கட்டித் தருகிறேன். இங்கே கால்வெஸ்டன் விரிகுடாவிலும் மேட்டகோர்டா பக்கமும் தண்ணீருக்குள் இறங்கி நடந்தே மீன் பிடிக்கிற கூட்டம் பெரிது. முழங்காலில் ஆரம்பித்து மார்பு வரை தண்ணீர் ஏறும். அடியில் மணல், கடற்புல், சிப்பித் திட்டு. திருக்கையை மிதித்துவிடாமல் இருக்கக் காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்க வேண்டும். ஸ்பெக்கிள்டு டிரவுட்டும் ரெட்ஃபிஷ்ஷும் தேடிப் பத்து இருபது முறை வீசிவிட்டு, கடிக்கவில்லையென்றால் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். அதாவது மீன் பிடிக்கப் போகிறவர் பாதி நேரம் நடந்துகொண்டுதான் இருக்கிறார். இந்த வளைவின் பிழைப்பு அந்தப் பாதி நேரத்தில்தான் இருக்கிறது.

முள் எங்கேயாவது மாட்டத்தான் போகிறது

கேட்டி பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். ஏழடி காஸ்டிங் ராடு வேண்டும், எடை குறைவாக, பார்க்க எடுப்பாக. கீப்பர் பேச்சை எடுத்ததுமே தலையை ஆட்டிவிட்டார்.

"வேண்டாம் அண்ணே. அது இருந்தா கடை ராடு மாதிரி ஆயிடும்."

"சரி தம்பி. ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்கு நடக்கும்போது ஜிக்கை எங்க மாட்டுவீங்க?"

"அது... எங்கயாவது மாட்டிக்குவேன் அண்ணே. ரீல்ல, இல்லன்னா கைடுல."

காரில் கிடந்த அவருடைய பழைய ராடை எடுத்து வரச் சொன்னேன். ரீலுக்கு முன்னால் இருக்கும் கார்க் பிடியில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் புள்ளி புள்ளியாகத் துளைகள். இரண்டு மூன்று துளைகள் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் கார்க் பொடிந்து ஒரு சின்னப் பள்ளமே விழுந்திருந்தது. அதற்கு மேலே முதல் கைடின் ஒரு கால் லேசாகச் சாய்ந்திருந்தது. அவர் முள்ளை எங்கே மாட்டுகிறார் என்று ராடே எழுதி வைத்திருந்தது.

கீப்பர் வைக்கவில்லை என்றால் அந்த ராடில் முள் மாட்ட இடமே இல்லை என்று அர்த்தமில்லை. முள் எங்கேயாவது மாட்டத்தான் போகிறது. அந்த இடத்தை முன்கூட்டியே யோசித்துக் கட்டுகிறவர் வைக்கிறாரா, அல்லது அவசரத்தில் கை தேடிக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. கை தேடிக்கொள்ளும் இடங்களை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது கைடின் வளையம். கைடில் இரண்டு பாகம் உண்டு: வெளியே உலோகச் சட்டம், உள்ளே நரம்பு உரசி ஓடும் பீங்கான் வளையம். அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கன் கார்பைடு என்று பல வகை. எல்லாமே கடினம், கடினமானதால் அடி பட்டால் நெளியாது, விள்ளும். முள்ளை வளையத்துக்குள்ளேயே மாட்டி நடந்தால், நடக்க நடக்க எஃகு அதைத் தட்டிக்கொண்டே வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், பிரெய்டு நரம்பு அதில் உரசி உரசிப் பிய்ந்துவிடும். பெரிய மீன் மாட்டி இழுக்கும்போதுதான் அது தெரியவரும். சந்தேகம் இருந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியை வளையத்துக்குள் விட்டுச் சுற்றிப் பாருங்கள். கீறல் இருந்தால் பஞ்சு இழை சிக்கும்.

இரண்டாவது கைடின் சட்டம். வளையத்தைத் தொடாமல் உலோகக் காலில் மாட்டுவது. இதில் பெரிய தப்பில்லை, அனுபவசாலிகள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இந்தக் கரையில் இப்போது பலரும் கேட்பது மைக்ரோ கைடு. வளையம் அவ்வளவு சின்னது, காலும் அவ்வளவு மெல்லியது. ஜிக் முள் அதில் சரியாக உட்காராது. உட்கார்ந்தாலும் நரம்பை விறைப்பாக்கினால் ஒற்றைக் கால் மெல்ல மெல்லச் சாயும். கைடு சாய்ந்தால் நரம்பு நேராக ஓடாது.

மூன்றாவது கார்க். அதன் கதையை மேலேயே பார்த்துவிட்டோம். துளைக்குள் உப்புத்தண்ணீர் இறங்கினால் இன்னும் சீக்கிரம் பொடியும்.

நான்காவது ரீல். ஸ்பின்னிங் ரீலில் நரம்பைப் பிடித்துத் திருப்பும் கம்பியில் மாட்டுவார்கள். காஸ்டிங் ரீலில் கைப்பிடியிலோ பக்கவாட்டுக் கம்பியிலோ மாட்டுவார்கள். கம்பியில் கீறல் விழும். கைப்பிடி கொஞ்சம் திரும்பினாலும் விறைப்பு போய் முள் கழன்று தொங்கும்.

ஐந்தாவது எங்கேயும் மாட்டாமல் விடுவது. லூரை, அதாவது போலி இரையை, நுனிக் கைடு வரை சுற்றி இழுத்து அங்கேயே தொங்கவிடுவது. இது எல்லாவற்றிலும் மோசம். ஈயத்தலை உள்ள ஜிக் ஊஞ்சலாடி கிராஃபைட் பிளாங்கில் திரும்பத் திரும்ப இடிக்கும். கிராஃபைட் இழைகள் நீளவாக்கில் எவ்வளவு வலுவோ, பக்கவாட்டு இடிக்கு அவ்வளவு பலவீனம். இடி பட்ட அன்று ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் வளையும்போது சரியாக அந்த இடத்தில் ஒடியும். ராடு ஒடிந்தவர் பிளாங்க் மட்டம் என்று தயாரித்தவரைத் திட்டுவார்.

கீழே பிடியருகே மாட்டுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பிரெய்டோடு இரண்டு மூன்று அடி ஃப்ளூரோகார்பன் லீடர் முடிந்திருப்போம். ஏழடி ராடில் நுனியிலிருந்து கீப்பர் வரை எப்படியும் ஐந்தடிக்கு மேல் வரும். அதனால் முடிச்சு ராடுக்கு வெளியிலேயே நிற்கும். நுனி வரை சுற்றி இழுத்தால் அதே முடிச்சு கைடுகளுக்குள் போய் உட்கார்ந்து, அடுத்த வீச்சில் ஒவ்வொரு வளையமாக இடித்துக்கொண்டு வெளியே வரும்.

எடை என்ற வாதம்

வேண்டாம் கட்சியின் முதல் வாதம் எடை. கையால் கட்டும் ராடின் பெருமையே தேவையில்லாத எடையைக் கழிப்பதுதான், அதில் போய் ஒரு கம்பியை ஏன் ஒட்ட வேண்டும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் நிற்காது.

கம்பி, நூல், எப்பாக்சி எல்லாம் சேர்த்து அரை கிராம், மிஞ்சினால் ஒரு கிராம். ராடை வீசும்போது கைதான் மையம். ஒரு எடை அந்தச் சுழற்சியை எவ்வளவு தடுக்கிறது என்பது மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கையிலிருந்து 30 சென்டிமீட்டரில் ஒரு கீப்பர், 180 சென்டிமீட்டரில் நுனிக் கைடு என்று வையுங்கள். தூரம் 6 மடங்கு. ஒரே எடை என்றாலும் நுனியில் அதன் தாக்கம் 36 மடங்கு. அதாவது நுனியில் ஒரு கைடுக்கு எப்பாக்சியைக் கொஞ்சம் தாராளமாகப் பூசிவிட்டால், கீழே வைக்காமல் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். எடையில் அக்கறை உள்ளவர் நுனியில் மெல்லிசாகப் பூசக் கற்றுக்கொள்ளட்டும். கீப்பரைக் குறை சொல்வது சும்மா.

எடையைக் காரணம் காட்டுகிறவர்களில் பாதிப் பேரின் உண்மையான காரணம் அழகு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிடியிலிருந்து பிளாங்க் வழுவழுவென்று கிளம்பிப் போவது பார்க்க அழகுதான். தன் காசில், தன் கைக்கென்று கட்டச் சொல்கிறவர் "எனக்குப் பிடிக்கவில்லை" என்றால் அதுவே போதுமான காரணம். அதற்கு இயற்பியலைத் துணைக்கு இழுக்க வேண்டியதில்லை.

நிற்கிற வாதங்கள்

வேண்டாம் கட்சியிடம் வலுவான வாதங்களும் இருக்கின்றன. மூன்றை நான் மதிக்கிறேன்.

ஒன்று, விரல். காஸ்டிங் ராடைப் பிடிக்கிறவர்கள் பலர் ரீலை உள்ளங்கைக்குள் வைத்து, ஆள்காட்டி விரலை முன்னால் நீட்டிப் பிளாங்கைத் தொட்டுக்கொண்டிருப்பார்கள். மீன் லேசாக உறிஞ்சும் துடிப்பு பிளாங்க் வழியாகத்தான் விரலுக்கு வரும். அந்த விரல் போய் நிற்கும் இடத்தில் ஒரு கம்பி குத்திக்கொண்டிருந்தால் நாள் முழுக்கத் தொல்லை.

இரண்டு, நரம்பு. ஸ்பின்னிங் ராடில் ரீலிலிருந்து நரம்பு பெரிய பெரிய சுருளாக அவிழ்ந்து முதல் கைடை நோக்கிப் பாயும். காற்றடிக்கும் நாளில் தளர்ந்த சுருள் ஒன்று கீப்பரில் விழுந்து சிக்கினால், லூர் அறுந்து தனியாகப் பறந்து போகும். விரிகுடாவில் காற்றடிக்காத நாள் எது?

மூன்று, துரு. உப்புத்தண்ணீரில் பயன்படுத்தும் ராடில் மலிவான கம்பி போட்டால், நூலுக்கு அடியிலிருந்து பழுப்புக் கறை கிளம்பும். கீப்பர் இருப்பது அடிக்கடி தண்ணீரில் முங்கும் இடத்தில். ராடின் மற்ற கைடுகளெல்லாம் பளபளவென்று இருக்கும்போது இது மட்டும் அழுது வடியும்.

மூன்றும் உண்மை. ஆனால் கவனியுங்கள், மூன்றுமே கீப்பரை எங்கே வைப்பது, எதில் செய்வது என்பதைப் பற்றிய புகார்கள். தொழிற்சாலை எல்லார் கைக்கும் பொதுவாக ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் போகிறது. கையால் கட்டுவதன் அர்த்தமே அந்த ஒருவரின் கையைப் பார்த்து வைப்பதுதானே?

வைக்கும் முறை

நான் கீப்பரைக் கடைசியில்தான் கட்டுவேன். கைடுகளை நூலால் கட்டி முடித்து, எப்பாக்சி பூசுவதற்கு முன், உரியவரை வரச் சொல்லி ரீலை மாட்டி ராடைக் கையில் கொடுத்துவிடுவேன். அவர் இயல்பாகப் பிடிக்கட்டும், வீசுவது போல ஆட்டட்டும், சுற்றட்டும். விரல்கள் எங்கெங்கே போகின்றன என்று பார்த்து, போகாத பக்கத்தில் மாஸ்கிங் டேப்பால் கீப்பரை ஒட்டி மறுபடி பிடிக்கச் சொல்வேன். பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் தலைகீழாக நின்றாலும் சரியான இடம் தெரியாது.

பொதுவாகச் சொல்வதென்றால், ஸ்பின்னிங் ராடில் கைடுகள் கீழ்ப்பக்கம் தொங்குவதால் கீப்பரை அதற்கு நேர் எதிரே, மேல்பக்கம் வைத்தால் நரம்புச் சுருளுக்கு எட்டாது. காஸ்டிங் ராடில் கைடும் நரம்பும் மேலே ஓடும், கீழே விரல் வரும், எனவே பக்கவாட்டு. மேலே ஆரம்பித்து நுனியில் கீழே போய் முடியும்படி கைடுகளைச் சுழற்றிக் கட்டும் ராடுகளில், கைடுகள் எந்தப் பக்கமாக இறங்குகின்றனவோ அதற்கு எதிர்ப்பக்கம். பிடியிலிருந்து குறைந்தது மூன்று விரல் இடைவெளி. ஏனென்றால் நரம்பின் விறைப்பு முள்ளை நுனி நோக்கி இழுக்கும். முள்ளின் வளைவு பிடிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். கீப்பர் பிடியை ஒட்டி இருந்தால் அந்த வளைவு விரலில் இடிக்கும்.

கட்டுவதில் நுணுக்கம் பாதத்தில்தான் இருக்கிறது. கீப்பரின் இரண்டு முனையிலும் சின்னச் சின்ன உலோகப் பாதங்கள். வாங்கியபடியே கட்டினால் நூல் பாதத்தின் விளிம்பில் ஏற முடியாமல் படி மாதிரி நிற்கும், அங்கே இடைவெளி விழும். சின்ன அரத்தால் பாத நுனியைக் கத்தி முனை போல் சரிவாகத் தேய்த்து, அடிப்பக்கப் பிசிரையும் எடுத்துவிட வேண்டும். பிசிர் இருந்தால் பிளாங்கையே கீறும். பிறகு பிளாங்கில் ஆரம்பித்துப் பாதத்தின் மேல் நூலை நெருக்கமாக ஏற்றிக்கொண்டு வந்து, முனையை ஒரு கண்ணிக்குள் விட்டு உள்ளே இழுத்து முடிக்க வேண்டும்.

எப்பாக்சி பூசும்போது கீப்பருக்கென்றே ஒரு குறும்பு உண்டு. வளைவு சின்னது என்பதால் எப்பாக்சி அந்தச் சந்தில் படலமாகப் பரவிக்கொள்ளும். மோட்டார் ராடை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சோப்புக்குமிழ் மாதிரி மின்னும். அப்போதே ஊசியால் குத்தி, பஞ்சால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். சுரண்டினால் உலோகப் பூச்சும் சேர்ந்து போகும். பாதம் நூலுக்குள்ளிருந்து வெளியே வரும் அந்த வாய் இருக்கிறதே, அங்கே ஒரு துளி எப்பாக்சி நின்று அடைத்திருக்க வேண்டும். துருவுக்கான தண்ணீர் உள்ளே நுழைவது அந்த வாய் வழியாகத்தான்.

கீப்பரைக் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. வளையம் உடைந்துபோன பழைய கைடின் சட்டத்தையே சிலர் கட்டிவிடுவார்கள். துருப்பிடிக்காத கம்பியை மூக்குக் குறடால் வளைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. முடிவெடுக்க முடியாதவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது: ரப்பர் வளையத்தால் பிளாங்கில் மாட்டிக் கழற்றக்கூடிய கீப்பர். ஜப்பானின் ஃபூஜி அதைச் செய்து விற்கிறது. ஒரு பருவம் முழுக்க அதைப் போட்டுப் பாருங்கள், நகர்த்திப் பாருங்கள். வேண்டாமென்று பட்டால் கழற்றிவிடலாம், ராடில் தடம்கூட இருக்காது. தேவை என்று பட்டால் அதே இடத்தில் நூலால் கட்டித் தருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் சிலர் ரப்பரோடே நின்றுவிடுகிறார்கள். அதுவும் நல்ல முடிவுதான்.

ஃப்ளை ராடு தனிக் கதை

ஃப்ளை ராடு கேட்டு வருகிறவர்களிடம் நான் கீப்பர் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். காரணம் நீளம். ஒன்பதடி ராடு, ஒன்பதடி லீடர் என்று வையுங்கள். ஃப்ளையைப் பிடியருகே கீப்பரில் மாட்டினால் நுனியிலிருந்து அங்கே வரை எட்டடிதான் ஆகும். மீதி லீடர் நுனிக் கைடுக்குள் போய்விடும், தடித்த ஃப்ளை நரம்பும் லீடரும் சேரும் முடிச்சும் அதோடு உள்ளே போய்விடும். அடுத்த இடத்தில் வீச ஆரம்பிக்கும்போது கனமான நரம்பு வெளியே இல்லாததால் லீடரைப் பிடித்து இழுத்து இழுத்து வெளியே எடுக்க வேண்டும். எரிச்சலான வேலை.

கைதேர்ந்தவர்கள் செய்வது வேறு. லீடரை ரீலின் அடிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டுவந்து, ஃப்ளையை மேலே ஒரு கைடின் சட்டத்தில் மாட்டிவிடுவார்கள். நுனியிலிருந்து ரீல் வரை இறங்கி மறுபடி மேலே ஏறுவதால் பத்துப் பதினோரு அடி நீளம் கிடைக்கும், முடிச்சு வெளியிலேயே நிற்கும். ஃப்ளையின் முள் சின்னது, எடை இல்லாதது. சட்டத்துக்கு ஒரு பாதகமும் இல்லை. ஆக இங்கே கைடுதான் சரியான கீப்பர். குட்டையான லீடர் போடுகிறவர்களுக்கும், பழைய மூங்கில் ராடின் தோற்றத்துக்காகவே அந்தக் குட்டி வளையத்தை ஆசைப்படுகிறவர்களுக்கும் மட்டும் கட்டித் தருவேன்.

மூன்றுமுள் கொத்து இரண்டு தொங்கும் பிளக் லூர்களிலும் கீப்பரால் பாதி உபயோகம்தான். ஒரு முள்ளைப் பிடித்துக்கொள்ளும், மீதி ஐந்தும் சட்டையைத் தேடும். அதற்கு லூர் மேல் சுற்றும் துணி உறைதான் மருந்து.

அளவுக்கோடு போடலாமா?

கீப்பருக்கு அடுத்து அதிகம் கேட்பது அளவுக்கோடு. ராடின் அடி நுனியிலிருந்து அளந்து, சட்டம் சொல்லும் நீளத்தில் வேறு நிற நூலால் ஒரு கோடு கட்டச் சொல்வார்கள். மீனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வைத்துக்கொள்ளலாமா விட வேண்டுமா என்று தண்ணீரிலேயே தீர்மானிக்க. யோசனை அருமை. டெக்ஸஸில் ரெட்ஃபிஷ் 20 அங்குலத்துக்கும் 28 அங்குலத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். பல வருஷமாக இதே அளவு. எனவே 20, 28 என்று இரண்டு கோடு கட்டலாம்.

டிரவுட்டுக்குக் கட்டுவதில்தான் ஆபத்து. 2019 செப்டம்பரிலிருந்து கரை முழுக்க 15 முதல் 25 அங்குலம், ஆளுக்கு 5 மீன் என்று இருந்தது. 2021 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில் டெக்ஸஸ் கரையில் 38 லட்சம் மீன்கள் செத்ததாக மாநில வனவிலங்குத் துறை மதிப்பிட்டது. அதையொட்டித் தென்கரையில் தற்காலிகமாக 17 முதல் 23 என்று மாற்றினார்கள். அது முடிந்து பழைய அளவுக்குத் திரும்பினார்கள். 2024 மார்ச்சில் 15 முதல் 20 அங்குலம், 3 மீன் என்று மறுபடி மாற்றினார்கள். 2019இல் 25இல் அழகாகக் கோடு கட்டிக்கொண்டவர் அதை நம்பி 24 அங்குல மீனை இன்று கூடையில் போட்டால் அபராதம்தான். எப்பாக்சிக்கு அடியில் இருக்கும் நூலை மாற்றுவது சுலபமில்லை. உரித்துவிட்டுத்தான் மறுபடி கட்ட வேண்டும்.

இன்னொன்று, சட்டப்படி அளக்கும் முறையே வேறு. மீனைப் படுக்க வைத்து, வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து, மூக்கு நுனியிலிருந்து வால் கடைசி வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் துள்ளுகிற மீனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு உருண்டையான ராடோடு சேர்த்துப் பார்ப்பது தோராயம்தான். எல்லையை ஒட்டி வரும் மீனுக்கு அந்தத் தோராயம் உதவாது. எனவே டிரவுட்டுக்கு நூல்கோடு கட்ட மறுத்துவிடுகிறேன். வேண்டுமானால் மேலே ஒட்டிக் கிழிக்கக்கூடிய அளவு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள் என்பேன். மாறக்கூடியதை மாற்ற முடியாதபடி ராடில் பதிக்கக் கூடாது. கீப்பருக்கு ரப்பர் வளையத்தை முதலில் பரிந்துரைப்பதும் இதே கணக்கில்தான்.

மற்றவை

அடிமூடியில் கயிறு மாட்ட ஒரு கண்: படகிலும் கயாக்கிலும் போகிறவர்களுக்குக் கட்டாயம் வைப்பேன். ராடு தண்ணீரில் விழுந்தால் அதைவிட உபகாரமான அரை அங்குலம் கிடையாது. இறங்கி நடக்கிறவர்களுக்கு அது தேவையில்லை. மீன் கோக்கும் கயிறு அதில் சிக்கிக்கொள்ளும்.

அடியில் திருகிச் சேர்க்கும் சமநிலை எடை: நீளமான ராடில் நுனி கனத்துக் கை வலிக்கிறவர்களுக்கு நல்லது. ஆனால் அந்த எடையைச் சேர்ப்பதற்கு முன் நுனியில் இருக்கும் எடையைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் முறை.

இரவில் ஒளிரும் நூல், மணி மாட்டும் கிளிப் எல்லாம் கடற்கரை மணலில் ராடை நட்டுவைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு. அவர்களுடைய ராடு பத்துப் பன்னிரண்டு அடி, முள்ளும் இரண்டு மூன்று, கனமான ஈயக்குண்டு வேறு. அங்கே ஒற்றைக் கீப்பர் எதற்கும் பத்தாது. மணி கிளிப்பைக் கடையில் வாங்கி நுனியில் மாட்டிக்கொண்டால் போதும். கட்டிவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் கேட்கும் கேள்வி

இதையெல்லாம் சுற்றி வந்த பிறகு என் வழக்கம் இப்படி ஆகிவிட்டது. "கீப்பர் வேண்டுமா?" என்று இப்போது யாரிடமும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு வரும் பதில் எல்லாம் ரசனையைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாகக் கேட்பது: "வீசாத நேரத்தில் ராடு எங்கே இருக்கும், முள் எங்கே இருக்கும்?" கூடவே, பழைய ராடு இருந்தால் எடுத்து வரச் சொல்கிறேன்.

நடந்து மீன் பிடிக்கிறவர், ஒற்றை முள் ஜிக் போடுகிறவர், மைக்ரோ கைடு கேட்கிறவர் என்றால் கீப்பர் வைத்துவிடுங்கள் என்பேன். பெரிய கைடு உள்ள ராடு, சட்டத்தில் பார்த்து மாட்டும் நிதானம் என்றால் வேண்டாம். நீண்ட லீடரோடு ஃப்ளை ராடு என்றால் வேண்டாம். ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்க வீசிவிட்டு, முடித்ததும் லூரை அறுத்துப் பெட்டியில் போட்டுவிடுகிறவர் என்றால் அவருக்கு எதுவுமே வேண்டாம். இரண்டுங்கெட்டான் என்றால் ரப்பர்.

கேட்டித் தம்பியின் பதில் அவர் பழைய கார்க்கிலேயே இருந்தது. மைக்ரோ கைடும் கேட்டிருந்தார், நடக்கிறவரும்கூட. "வைக்கிறேன், ஆனா கடை ராடு மாதிரி தெரியாது" என்றேன். கறுப்புக் கம்பி, பிளாங்க் நிறத்திலேயே நூல், அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போகாத பக்கத்தில். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்குப் படாது. அவருடைய புதுப் பிடிக்குப் போட்டது நல்ல தரக் கார்க். அதில் துளை விழாமல் பார்த்துக்கொள்ளும் செலவு அரை கிராம் என்றால், எனக்கு அது மலிவாகத்தான் படுகிறது.